சொல் கேட்கப் போனவர்கள்

திருவண்ணாமலைக் கோயிலுக்குத் திருப்பணி செய்தவர்கள் எல்லாரும் ஒரே மொழி பேசியவர்கள் அல்லர். சோழர் கல்வெட்டுக்கள் தமிழில் இருக்கின்றன. 14-ஆம் நூற்றாண்டில் இவ்வூரையே இருப்பிடமாகக் கொண்டிருந்த மூன்றாம் வல்லாளன் கன்னட நாட்டு ஹொய்சள வம்சத்தவன். 16-ஆம் நூற்றாண்டில் ஆயிரங்கால் மண்டபம் எழுப்பிய கிருஷ்ணதேவராயரோ தெலுங்கிலே காவியம் பாடியவர்.

இன்றும் ராஜகோபுர வாசலில் சற்று நேரம் நின்றால் போதும், மூன்று மொழிகளும் காதில் விழும். நாம் ‘பால்’ என்பதை ஆந்திரத்து யாத்திரிகர் ‘பாலு’ என்பார். பெங்களூர்க்காரர் ‘ஹாலு’ என்பார். இங்கே பழைய ஒலியைக் காத்தவர்கள் நாம். உடனே பெருமைப்பட்டுவிட வேண்டாம். நம்முடைய ‘செவி’ தெலுங்கிலும் ‘செவி’தான், கன்னடத்திலோ ‘கிவி’. இங்கே பழைய ககரத்தைக் காத்தது கன்னடம், மாறியவர்கள் நாம்! இந்த மாற்றங்களில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதைத் தேடுவதுதான் ஒப்பியல் மொழிநூல். 1816-ல் எல்லீஸ் துரை தென்மொழிகள் ஒரு குடும்பம் என்று காட்டினார். 1856-ல் கால்டுவெல் அதற்குப் பெரிய இலக்கணமே எழுதினார்.

ஆனால், ஒப்பிடுவதற்கு முதலில் சொற்கள் வேண்டுமே! அவற்றை யார் சேகரிப்பது?

1894-ல் கிரியர்சன் என்ற அயர்லாந்துக்காரர் இந்திய மொழிகளின் சர்வேயைத் தொடங்கினார். 1928-ல் அது முடிந்தபோது 179 மொழிகளும் 544 கிளைமொழிகளும் கணக்கில் வந்திருந்தன. அவர் கையாண்ட உபாயம் எளியது. பைபிளில் வரும் கெட்ட குமாரன் கதையையும் ஒரு சொற்பட்டியலையும் ஜில்லா அதிகாரிகளுக்கு அனுப்பி, அந்தந்த இடத்துப் பேச்சில் எழுதி வாங்கினார். அசுர உழைப்பு, சந்தேகமில்லை. ஆனாலும் கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதிகாரிக்காக வாயைத் திறக்கிற குடியானவன், தன் மனைவியிடம் பேசுகிற மாதிரியா பேசியிருப்பான்?

இன்னொரு குறை நமக்கு மிகவும் நெருக்கமானது. சென்னை ராஜதானி அந்த சர்வேயின் எல்லைக்குள் வரவில்லை. ஆகவே திருவண்ணாமலைச் சீமையின் பேச்சுக்கு அந்தப் பெரிய புத்தகங்களில் சர்வே செய்த பதிவு கிடையாது. பின்னால் கிராமபோன் தட்டுக்களில் குரல்களைப் பிடித்தபோதுதான் சென்னை ராஜதானிக்கும் முறை வந்தது.

நேரில் உட்கார்ந்து கேட்ட மனிதர் எமனோ. அமெரிக்காவிலிருந்து வந்து, 1935 முதல் சுமார் மூன்று ஆண்டுகள் தங்கி, நீலகிரியில் தோடர், கோத்தர் முதலியோரின் பேச்சைக் குறித்துக்கொண்டார். அவரும் பரோவும் சேர்ந்து தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி 1961-ல் வெளிவந்தது.

அக்காலத்து மொழி ஆராய்ச்சியாளர் சொற்களைத் துண்டுச் சீட்டுக்களில் எழுதிச் செருப்புப் பெட்டிகளில் அடுக்கி வைப்பது வழக்கம். 1980-களில் அதே வேலையைச் செய்யக் கணினிக்கு ஒரு மென்பொருள் வந்தபோது, அதற்கு ‘ஷூபாக்ஸ்’ என்றே பெயர் வைத்தார்கள்! இன்று ஆம்ஸ்டர்டாமில் பிறந்த ‘பிராட்’, குரலின் ஏற்ற இறக்கத்தைக் கோடுகளாக வரைந்து காட்டுகிறது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் 20 திராவிட மொழிகளிலிருந்து நூறு நூறு அடிப்படைச் சொற்களை எடுத்துக் கணினியிடம் கொடுத்தார்கள். இக்குடும்பத்தின் வயது ஏறக்குறைய 4,500 ஆண்டு என்று அது கணித்தது. அந்தச் சொற்களை நேரில் கேட்டு எழுதி வந்தவர்கள் மனிதர்களே என்பதை மறந்துவிடக் கூடாது.

ஏனெனில் இயந்திரத்துக்குச் சொல்லின் கதை தெரியாது. தமிழில் ‘சாவி’, இந்தியில் ‘சாபி’. ஒலியை மட்டும் பார்த்தால் உடன்பிறப்புக்கள் என்றே தீர்ப்புச் சொல்லத் தோன்றும். இரண்டும் போர்த்துக்கீசியன் கப்பலில் வந்து இறங்கியவை என்று யாராவது சொல்லித்தர வேண்டும்.

இதைவிடப் பெரிய சங்கடம் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே இருக்கிறது. ஜவ்வாது மலையில் வாழும் பழங்குடியினருக்கு ‘மலையாளி’ என்று பெயர். அவர்கள் பேசுவது மலையாளம் அல்ல, தமிழ். காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். பெயரை மட்டும் பார்த்து ஒருவர் பட்டியலில் ‘மலையாளம்’ என்று குறித்துவிட்டால், எவ்வளவு உயர்ந்த மென்பொருளும் அந்தப் பிழையை வெகு நேர்த்தியாகக் கணக்கிட்டுக் கொடுக்கும்! தமிழ் என்று சரியாகவே குறித்தாலும், மலைப்பேச்சுக்கே உரிய சொற்கள் தமிழ் என்ற பெருங்கணக்கில் கரைந்துவிடும். தனி மொழிகளுக்கே அந்தக் கதிதான். 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளை 1971 முதல் மக்கள்தொகைக் கணக்கில் தனியே பெயர் சொல்லி வெளியிடுவதில்லை.

கருவிகள் இன்று மலிவு. கைப்பேசியே ஒலிப்பதிவு செய்கிறது. கிரியர்சனுக்கு வாய்க்காத சௌகரியம் இது. ஆனால் மலை ஏறிப் போய், ஒரு பாட்டியின் திண்ணையில் உட்கார்ந்து, “இந்தக் கிழங்குக்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள், ஆத்தா?” என்று கேட்க ஆள் வேண்டும். அவள் இருக்கும்போதே போக வேண்டும்.