திருவொற்றியூர் வண்டியும் மூணாறு ஏற்றமும்

நம் ஊர் வீடுகளில் பழைய புல்லட் ஒன்று சாக்கு போர்த்திக் கிடந்தால், அதை இரும்புக்கடைக்குப் போடுவதற்கு முன் அதன் சரித்திரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் நம்ம மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. ஆலை சென்னைக்குப் பக்கத்தில் திருவொற்றியூரில். முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள், பிறகு எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றே போனது. திருவொற்றியூரில் மட்டும் அதே 346 சிசி வார்ப்பிரும்பு எஞ்சின் பிறந்துகொண்டே இருந்தது.

அடுத்த வருஷம், 1956 நவம்பர் 1, மாநில எல்லை போட்டார்கள். தமிழர் நிறைந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோடு போயின. ஆனால் பாலக்காட்டுக் கிழக்கிலிருந்து மூணாறுக்குப் போகிறவர்களுக்கு வழி இன்றைக்கும் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துதான்: பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர். சமவெளியிலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிற ரோடு. நடுவழியில் வண்டி நின்றால் ஓட்டுகிறவர்தான் மெக்கானிக்!

அதற்குத் தோதாகத்தான் அந்த எஞ்சினும் இருந்தது. ஹெட்லைட்டுக்கு மேலே ஆம்பியர் மீட்டர் ஒன்று இருக்குமே, ஞாபகமிருக்கா? சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாக அழுத்தினால் முள் நடுவுக்கு வரும். பாயின்ட் திறந்துவிட்டது என்று அர்த்தம். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கிக்கரைக் கொஞ்சம் நகர்த்தி, விட்டு, ஒரு உதை. முள் அசையவே இல்லையென்றால் பேட்டரியையோ பாயின்ட்டையோ பாருங்கள் என்று வண்டியே சொல்கிறது. லேப்டாப் கிடையாது, ஸ்கேனர் கிடையாது.

எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கொழிஞ்சாம்பாறையில் அப்பா ஓட்டிய புல்லட்டைப் போன வருஷம் மாமா மூணாறுக்குக் கொண்டுபோனார். அங்கே போனதும் மிஸ்ஸிங், கறுப்புப் புகை, ஏற்றத்தில் இழுவை இல்லை. "எஞ்சின் போச்சு மாப்ளே, வித்துடலாம்"னு போன். "மாமா, முதல்ல பிளக்கைக் கழட்டிப் பாருங்க" என்றேன். கரி அப்பியிருந்தது.

காரணம் உயரம். அங்கே காற்று சமவெளியைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே செட் பண்ணின அளவிலேயே பெட்ரோலை ஊற்றும். நான் இருக்கும் டென்வரும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். இங்கே சாதா பெட்ரோல் 85 ஆக்டேன், சமவெளியில் 87. அதுவும் கார்புரேட்டர் காலத்து வழக்கம்தான்.

மாமா வரிசையாகப் பார்த்தார். ஏர் ஃபில்டரைத் தட்டினார். பாயின்ட்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்குள் வைத்தார். எஞ்சின் ஆறிய பிறகு டேப்பெட்: புஷ்ராடு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் தண்ணீர்! இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுக்கும். நிறுத்தியே வைக்கும் வண்டிக்கு ஆகாது. கடைசியாக நீடில் க்ளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றினார். ஊசி இறங்கியது, பெட்ரோல் குறைந்தது, 'டப் டப்' சீராக வந்தது.

செலவு ஒரு பிளக்கின் விலை. அதுக்காக எஞ்சினையே விற்க இருந்தோம்.

2010 வாக்கில் வார்ப்பிரும்பு எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபின் புது புல்லட்டில் கார்புரேட்டரே கிடையாது. உயரத்துக்கேற்ப அளவைக் கம்ப்யூட்டரே மாற்றிக்கொள்கிறது. நல்லதுதான், புகை குறைவு. ஆனால் காதால் கேட்டு, கையால் திருத்தும் வித்தை அந்தத் தலைமுறையோடு போய்விடும். உதிரிபாகம் கடையில் கிடைக்கும், மாமாக்கள் கிடைக்க மாட்டார்கள்.

அடுத்த லீவில் ஊருக்குப் போனால் பிள்ளைகளைப் பெரியவர் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பிளக்கையாவது கழட்டச் சொல்லுங்கள். அப்படியே ஆர்சியையும் எடுத்துப் பாருங்கள்: 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.