இதயத் தசை இரத்தவோட்ட அணுப்படமாக்கம்

இதயத் தசைக்குப் போதிய இரத்தம் போய்ச் சேருகிறதா என்பதைச் சிறிதளவு கதிரியக்க மருந்தைச் சிரையில் செலுத்திப் படம்பிடிக்கும் பரிசோதனை முறை. ஸ்பெக்ட், பெட் என இதில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. ஆஞ்சியோகிராம் இதயத் தமனியின் உட்புறம் எங்கே, எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று காட்டும். அந்தச் சுருக்கத்தால் தசைக்கு இரத்தம் குறைகிறதா என்பது வேறு கேள்வி. நோயாளியின் சிகிச்சையைத் தீர்மானிப்பதில் பல நேரங்களில் அதுவே முதன்மையான கேள்வியும்கூட. அதற்கு நேரடியாக விடை தேடுவது இந்தப் பரிசோதனை.

ஓய்வாக இருக்கும்போது இதயத் தசைக்கு நிமிடத்துக்குச் சுமார் 250 மி.லி. இரத்தம் போகிறது. கடும் உழைப்பில் அது மூன்று, நான்கு மடங்காகும். தமனி சுருங்கினால் அதற்கு அப்பாலுள்ள நுண்குழாய்கள் விரிந்துகொடுத்து ஓட்டத்தைச் சரிக்கட்டிவிடும். அமெரிக்க இதயநோய் அறிஞர் லான்ஸ் கூல்ட் 1974-இல் விலங்குகளில் அளந்து காட்டியது இதைத்தான்: தமனியின் விட்டம் 85 விழுக்காடு அடைபடும்வரை ஓய்வுநிலை ஓட்டம் குறைவதில்லை, ஆனால் உச்ச ஓட்டம் 30 முதல் 45 விழுக்காட்டு அடைப்பிலேயே சரியத் தொடங்குகிறது. ஆகவே இதயத்தைத் தூண்டாமல் எடுத்த படத்தில் பெரிய அடைப்பும் மறைந்துபோகலாம். ஓய்வில் ஒன்று, தூண்டலில் ஒன்று என இரண்டு படங்களை ஒப்பிடுவது இதனால்தான்.

நடக்க முடிந்தவர்களை டிரெட்மில்லில் ஏற்றுகிறார்கள். 220-இலிருந்து வயதைக் கழித்தால் வரும் எண்ணில் 85 விழுக்காட்டை நாடித்துடிப்பு எட்டியதும் கதிரியக்க மருந்தை ஏற்றி, மேலும் ஒரு நிமிடமாவது நடக்க வைப்பார்கள். ஊசி போட்டவுடன் நின்றுவிட்டால் உச்ச ஓட்டத்தில் மருந்து தசைக்குள் போய்ச் சேராது. மூட்டுவலிக்காரர்களுக்கும் முதியவர்களுக்கும் அடினோசின், ரெகாடெனோசன், டைபிரிடமோல் போன்ற குழாய்விரி மருந்துகள் உண்டு. காஃபின் இவற்றின் வேலையைத் தடுத்துவிடும். முந்தைய நாள் குடித்த காப்பியை மறைத்தவருக்கு, நோய் இருந்தும் படம் சீராக வந்துவிடலாம். 12 முதல் 24 மணி நேரம் வரை காப்பி, டீ, கோலா, சாக்லேட் கூடாது என்பது அதனால்தான்.

இரத்த ஓட்டத்தைக் கதிரியக்கத்தால் அறியும் முயற்சி 1920-களில் பாஸ்டனில் ஹெர்மன் புளும்கார்ட்டிடம் தொடங்கியது. ஒரு கையில் செலுத்திய கதிரியக்கப் பொருள் மறு கைக்கு வந்துசேரும் நேரத்தை அவர் அளந்தார். 1950-களில் ஹால் ஆங்கர் காமா கேமராவை உருவாக்கினார். 1973-இல் சாரெட், ஸ்ட்ராஸ் குழுவினர் உடற்பயிற்சியின் உச்சத்தில் பொட்டாசியம்-43 செலுத்தி, இரத்தம் குறைந்த தசைப்பகுதியைப் படத்தில் காட்டினார்கள். விரைவில் அதன் இடத்துக்குத் தாலியம்-201 வந்தது. பொட்டாசியத்தைப் போலவே இதுவும் உயிருள்ள தசைச்செல்லுக்குள் உறிஞ்சப்படும். நேரம் செல்லச் செல்ல இடம் மாறிப் பரவும். முதலில் வெறுமையாகத் தெரிந்த பகுதி சில மணி நேரம் கழித்து நிரம்பினால் அங்கே தசை உயிரோடிருக்கிறது.

தாலியத்தின் அரையாயுள் சுமார் 73 மணி நேரம். கதிர்வீச்சு அளவு கூடும், படமும் மங்கல். 6 மணி நேர அரையாயுள் கொண்ட டெக்னீசியம்-99எம் இரண்டையும் சீராக்கியது. அதனுடன் பிணைத்த செஸ்டாமிபி 1990-இலும் டெட்ரோபாஸ்மின் 1996-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இவை செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் தங்கிவிடும். தாலியம்போல் பெரிதாக இடம் மாறாது. ஒரு மணி நேரம் கழித்துப் படமெடுத்தாலும் ஊசி போட்ட கணத்தின் இரத்தவோட்டமே தெரியும். இந்திய மருத்துவமனைகளில் ‘ஸ்ட்ரெஸ் தாலியம்’ என்று எழுதிக்கொடுத்தாலும் ஏற்றப்படுவது பெரும்பாலும் டெக்னீசியமே.

ஸ்பெக்ட் முறையில் கேமரா மார்பைச் சுற்றி வந்து எடுக்கும் படங்களைக் கணினி துண்டுதுண்டாக அடுக்கித் தரும். இடது கீழறையை 17 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் பார்க்கிறார்கள். தூண்டலில் குறைந்து ஓய்வில் நிறைந்தால் அங்கே இரத்தப் பற்றாக்குறை. இரண்டிலும் குறைந்தால் பழைய மாரடைப்பின் தழும்பாக இருக்கலாம். இங்கே அவசரப்படக் கூடாது. ஆண்களுக்கு உதரவிதானமும் பெண்களுக்கு மார்பகமும் கதிரை மறைத்து இல்லாத குறையைக் காட்டும். அந்தப் பகுதியின் சுவர் துடிப்புக்குத் துடிப்பு நன்றாகச் சுருங்குகிறதென்றால் அது தழும்பல்ல, நிழல். இசிஜியோடு இணைத்துப் படமெடுக்கும் முறை இதைப் பிரித்தறிய உதவுகிறது.

ஸ்பெக்ட் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு ஒப்பிட்டே பேசும். இதயத்தின் மூன்று பெரிய தமனிகளும் ஒரே அளவில் அடைபட்டால் எல்லாம் ஒருசேரக் குறைந்து, படம் சீராகத் தோன்றிவிடும். மிக ஆபத்தான நிலையிலுள்ள நோயாளி கண்டறியப்படாமல் தப்பிவிடும் இடம் இதுதான். பெட் ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மி.லி. இரத்தம் என்று எண்ணிலேயே சொல்லும். தூண்டலில் ஓட்டம் இரு மடங்குகூட உயராவிட்டால் அது எச்சரிக்கை. பெரிய தமனிகளில் அடைப்பின்றி நுண்குழாய் நோயால் மார்புவலிப்படுவோரையும், குறிப்பாகப் பெண்களை, இது கண்டுகொள்கிறது. ஆனால் பெட்டில் பயன்படும் ருபிடியம்-82-இன் அரையாயுள் 75 விநாடிதான். கேமராவின் பக்கத்திலேயே அதைத் தரும் ஜெனரேட்டர் வேண்டும். நைட்ரஜன்-13 அம்மோனியாவுக்கு 10 நிமிடம். அருகில் அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் வேண்டும். சுமார் 110 நிமிட அரையாயுள் கொண்ட ஃபுளோரின்-18 ஏந்திய ஃபுளுர்பிரிடாஸ் 2024-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. வெளியூரில் தயாரித்து வண்டியில் அனுப்பலாம் என்பதே அதன் பெரும் பலன்.

படத்தில் குறை தெரிந்தால் உடனே ஸ்டென்ட் என்பதில்லை. நடுத்தர அல்லது கடுமையான பற்றாக்குறை இருந்த 5,179 பேரை ஆராய்ந்த இஸ்கீமியா ஆய்வு 2020-இல் வெளியானது. முதலிலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸை நாடியதால், மருந்தோடு தொடங்கியவர்களைவிட இறப்பு குறையவில்லை; மார்புவலி உள்ளவர்களுக்கு வலி குறைந்தது. இடது முதன்மைத் தமனி அடைபட்டவர்கள் அந்த ஆய்வில் இல்லை.

டெக்னீசியம் பரிசோதனையின் கதிர்வீச்சு சுமார் 10 மில்லிசீவர்ட். பெட் முறையில் இது கணிசமாகக் குறையும். தேவையுள்ளவருக்கு ஏற்கத்தக்க அளவுதான், அறிகுறி ஏதுமற்றவருக்கு ஆண்டுதோறும் செய்ய வேண்டியதன்று. ஆஸ்துமா, கர்ப்பம், பாலூட்டல் இவற்றில் எது இருந்தாலும் ஊசி போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.