ஒரே டப்பாவில் இரண்டு சரித்திரம்

பி.காம். படிக்கிறவனுக்கும் கியர் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எல்லாம் மாமாவால் வந்தது.

மாமாவிடம் ஒரு பழைய ஷெவர்லே ஃபாரஸ்டர் இருக்கிறது. 2000களில் இந்தியாவில் விற்ற வண்டி. பெயர்தான் ஷெவர்லே, உள்ளே முழுக்க ஜப்பானின் சுபாரு. நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் சக்தி போகும். கியர் ஆயில் மாற்றப் போன இடத்தில் கடைக்காரர், "கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 போடுங்க சார், ஜிஎல்-5 பித்தளையை அரிச்சிடும்" என்றாராம். வண்டியோடு வந்த கையேடோ ஜிஎல்-5 என்கிறது. தப்பாகப் போட்டால் கியர்பாக்ஸ் செலவு யார் தலையில்? "படிக்கிற பையன்தானே, பார்த்துச் சொல்லுடா" என்று மாமா என்னிடம் தள்ளிவிட்டார்.

விடை 1920களில் இருக்கிறது.

அக்காலக் கார்களில் இன்ஜினிலிருந்து வரும் தண்டு, பின் அச்சில் உள்ள பெரிய பல்சக்கரத்தின் நடு மட்டத்தில் போய்ச் சேரும். அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் அந்தச் சேரும் இடத்தைக் கீழே இறக்கியது. இதுதான் ஹைப்பாய்டு கியர். 1926-ல் பேக்கார்டு கார்களில் வந்தது. தண்டு தாழ்ந்ததால் காரின் தரையும் தாழ்ந்தது, சத்தமும் குறைந்தது. ஆனால் ஒரு தொல்லை. இந்தப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுத்தமாக வழுக்கும். அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும், இரும்பும் இரும்பும் உரசும்.

அதனால் எண்ணெயில் கந்தகம் சேர்த்தார்கள். சூடேறிய பல்லோடு அது வினைபுரிந்து மெல்லிய பூச்சாகும். தேய்வது அந்தப் பூச்சு, தப்பிப்பது பல்.

ஏறக்குறைய அதே சமயம், 1928-ல், காடிலாக் நிறுவனம் சிங்க்ரோமெஷ் கியர்பாக்ஸை அறிமுகப்படுத்தியது. கியர் மாற்றும்போது கரகர சத்தம் போய்விட்டது. இந்த முறையில் கியர்களின் வேகத்தைச் சமன் செய்யும் வளையங்கள் பின்னாளில் பெரும்பாலும் பித்தளையில் வந்தன. தாமிரம் கலந்த உலோகத்துக்குக் கந்தகம் ஆகாது! கடைக்காரர் பயத்தின் வேர் இதுதான்.

பின்சக்கர வண்டிகளில் பிரச்சினை இல்லை. கியர்பாக்ஸ் முன்னால், ஹைப்பாய்டு பின்னால், ஆளுக்கொரு எண்ணெய். அமெரிக்க ராணுவத்தின் 2105 என்ற தர அளவுக்கு ஈடானது ஜிஎல்-4. 1962-ல் வந்த கடுமையான 2105-பி அளவுக்கு ஈடானது ஜிஎல்-5. எண் பெரிதானால் எண்ணெய் உசத்தி என்று அர்த்தமில்லை, தாங்கும் சுமை அதிகம் என்றுதான் அர்த்தம்.

இனி சுபாருவுக்கு வருவோம். 1972-ல் லியோன் காரில் நான்கு சக்கர இயக்கம் கொடுத்தபோது, ஏற்கெனவே இருந்த முன்சக்கர கியர்பாக்ஸிலிருந்தே பின்னால் ஒரு தண்டு நீட்டினார்கள். இந்த அமைப்பில் முன் டிஃபரன்ஷியலின் ஹைப்பாய்டும், கியர்பாக்ஸின் சிங்க்ரோ வளையங்களும் ஒரே பெட்டிக்குள், ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. மாமாவின் மேனுவல் கியர் ஃபாரஸ்டரிலும் அப்படியே. ஜிஎல்-4 ஊற்றினால் வளையம் பிழைக்கும், ஹைப்பாய்டு பல் தேயும். அதனால்தான் கையேடு ஜிஎல்-5 கேட்கிறது. நல்ல ஜிஎல்-5 எண்ணெய்கள் தாமிரத் தகட்டில் அரிப்புச் சோதனை செய்யப்பட்டே வருகின்றன.

கடைக்காரர் சொன்னது பல வண்டிகளுக்குச் சரி, இந்த வண்டிக்குச் சரியில்லை. எல்லா நான்கு சக்கர வண்டிக்கும் இதே விதி என்றும் நினைத்துவிடாதீர்கள். ஹால்டெக்ஸ் கிளட்ச் உள்ள ஆடி டிடி போன்றவற்றில் அந்தக் கிளட்ச்சுக்கே தனி எண்ணெய் உண்டு.

மாமா 75டபிள்யூ-90 ஜிஎல்-5 வாங்கினார். கியர்பாக்ஸுக்குச் சுமார் மூன்றரை லிட்டர், பின் டிஃபரன்ஷியலுக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று மேல். வண்டி நன்றாக ஓடுகிறது.

எங்கள் பொருளாதாரப் பாடத்தில் காபிக்கு மாற்று டீ என்று படிப்போம். ஜிஎல்-5-க்கு ஜிஎல்-4 அப்படிப்பட்ட மாற்று அல்ல. டப்பாவின் எண்ணைப் பார்க்குமுன், அந்த எண்ணெயில் எந்தெந்தப் பல்சக்கரம் குளிக்கிறது என்று கேளுங்கள்.