ஐந்து கிராமங்களும் ஒரு வைவாவும்

கறுப்பு ரெக்சின் அட்டை, தங்க எழுத்து, உள்ளே ஐந்து அத்தியாயம். எம்.பி.ஏ. முடித்த யார் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு புத்தகம் தூசி படிந்து கிடக்கும். மூன்று காப்பி பைண்ட் பண்ணியிருப்போம். டிபார்ட்மெண்டுக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, நமக்கு ஒன்று. மூன்றையும் யாரும் முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள்.

என்னோடு படித்தவன் ஒருவன் அரும்பாவூர்க்காரன். பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் ஊர். கோயில் வாகனம், தேர்ச் சிற்பம், சாமி சிலை என்று மரத்தில் செதுக்குகிற பட்டறைகள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அவனுடைய மாமாவும் சிற்பிதான். ஆனால் அவன் ப்ராஜெக்ட் பண்ணியது ஒரு தொழிற்சாலையில். தலைப்பு ‘ஊழியர்களின் பணித் திருப்தி’. கம்பெனி அனுமதிக் கடிதம் கொடுத்தது, உள்ளே மட்டும் விடவில்லை. ஆகவே 120 கேள்வித்தாள்களை ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து நாங்களே நிரப்பினோம். ஷிப்டு முடிந்து வந்து ‘மிகவும் திருப்தி’ என்று டிக் அடித்த தொழிலாளிகளில் நானும் ஒருவன்.

வைவா அன்று எக்ஸ்டெர்னல் மூன்று கேள்வி கேட்டார். சாம்பிள் ஏன் 120? எந்த டெஸ்ட் போட்டீர்கள்? பக்க எண் ஏன் நடுவில் இல்லை? ஏழெட்டு நிமிடத்தில் முடிந்தது. நல்ல மார்க் வந்தது. அவரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. வாசலில் இன்னும் முப்பது பேர் அதே மாதிரி புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தோம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் தேடிப் பார்த்தேன். ஒரு நுனி 1857க்குப் போகிறது. அந்த வருடம் சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்று ஊர்களிலும் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டன. அன்றைய லண்டன் பல்கலைக்கழகம்தான் முன்மாதிரி. கல்லூரிகள் பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் பரீட்சை வைக்கும், பட்டம் கொடுக்கும். சொல்லிக்கொடுப்பவர் ஒருவர், மதிப்பிடுபவர் வேறொருவர். அதில் ஒரு நியாயம் இருந்தது: தன் மாணவனுக்குத் தானே மார்க் அள்ளிப் போட முடியாது. ஆனால் அந்த வெளி ஆளுக்கு மாணவனும் தெரியாது, அவன் போன இடமும் தெரியாது. அவர் கையில் இருப்பது காகிதம் மட்டும். காகிதத்தில் எதைச் சரிபார்க்க முடியுமோ, அதைத்தான் அவர் சரிபார்ப்பார்.

அப்படிச் சரிபார்க்க வசதியான இரண்டு கருவிகள் இருபதாம் நூற்றாண்டில் கிடைத்தன. 1900இல் கார்ல் பியர்சன் கை-ஸ்கொயர் சோதனையை வெளியிட்டார். வயதுக்கும் திருப்திக்கும் சம்பந்தம் உண்டா, அல்லது தற்செயலா என்று கேட்டால் அது ஒரு பதில் தரும். 1932இல் ரென்சிஸ் லைகர்ட் மனப்பான்மையை அளக்கும் முறை ஒன்றைக் கொண்டுவந்தார். ‘மிகவும் உடன்படுகிறேன்’ முதல் ‘சிறிதும் உடன்படவில்லை’ வரை போகும் ஐந்து கட்டம் அவர் கொடுத்ததுதான். இரண்டுமே நல்ல கருவிகள். ஆனால் ஹாஸ்டலில் அடித்த டிக்கையும் ஆலையில் அடித்த டிக்கையும் பிரித்துப் பார்க்க இரண்டுக்கும் தெரியாது. அட்டவணை ஒழுங்காக இருந்தால் போதும், எக்ஸ்டெர்னலுக்கு டிக் அடிக்க இடம் கிடைத்துவிடும்.

இதே சென்னைப் பல்கலைக்கழகத்தில்தான் வேறு மாதிரியான ஒரு ‘ப்ராஜெக்ட்’ நடந்தது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரியவந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1915இல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராகச் சென்னைக்கு வந்தார். ஊர் புதிது. பாடப்புத்தகத்தில் இருந்த பொருளாதாரமோ இங்கிலாந்துப் பொருளாதாரம். அவர் நீளமான ஒரு கேள்விப்பட்டியலைத் தயாரித்து, தங்களுக்குத் தெரிந்த கிராமத்தைப் பற்றி எழுதி வரச் சொல்லி மாணவர்களிடம் கொடுத்தார். நிலம் யாரிடம், குத்தகை எவ்வளவு, கூலி நெல்லா காசா, கடன் யாரிடம் என்ன வட்டிக்கு என்பது போன்ற கேள்விகள். வட ஆற்காட்டில் தூசி, தென்னாற்காட்டில் இருவேல்பட்டு, தஞ்சையில் பாலக்குறிச்சி, ராமநாதபுரத்தில் வடமலைபுரம், திருநெல்வேலியில் கங்கைகொண்டான் ஆகிய ஊர்களைப் பற்றிய அறிக்கைகள் 1918இல் ஸ்லேட்டர் பதிப்பித்த நூலில் வந்தன. அந்த நூல் இந்த ஐந்து ஊர்களால்தான் இன்றும் பேசப்படுகிறது.

அந்த வேலைக்கு மார்க் உண்டா, எவ்வளவு என்பது இன்று யாருக்கும் பொருட்டில்லை. மதிப்பீடு வேறு விதமாக நடந்தது. 1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களுக்கு மறுபடி ஆய்வு நடத்தினார்கள். இடையில் பெருமந்தம் வந்து விளைபொருள் விலையை அடித்துப்போட்டிருந்தது. என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல அவர்கள் கையில் இருந்தது மாணவர்கள் எழுதிய பழைய கணக்கு. 1940இல் மறுஆய்வு நூலாக வந்தது. அதற்குப் பிறகும் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். இருவேல்பட்டுக்கு 1980களின் தொடக்கத்தில் ஒருமுறை, 2008இல் இன்னொருமுறை. ரெட்டியார் நிலக்கிழார்கள் கோலோச்சிய ஊரில் அவர்கள் பிடி எப்படித் தளர்ந்தது, தலித் மக்கள் அவர்களைச் சார்ந்திருந்த நிலை எப்படி மாறியது என்று 92 வருடக் கதையைச் சொல்ல முடிந்தது. கல்லூரிப் பையன் ஒருவன் எழுதிய அறிக்கையிலிருந்துதான் அந்தக் கதை தொடங்குகிறது.

அந்த மாணவர்களைத் தலையில் தூக்கிவைக்க வேண்டியதில்லை. 1916இல் கல்லூரிக்குப் போனவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள, மேல்சாதிக் குடும்பத்துப் பிள்ளைகள். சேரிக்குள் போய் எத்தனை பேர் உட்கார்ந்து பேசியிருப்பார்கள்? திண்ணையிலிருந்து தெரிந்த கிராமம்தான் பல இடங்களில் பதிவாகியிருக்கும். ஆனால் அந்தக் குறையைக்கூட நாம் இன்று கண்டுபிடிக்க முடிகிறது. இன்ன ஊர், இன்ன கூலி, இன்ன கடன் என்று எழுதி வைத்ததால்தான் அது முடிகிறது. எங்கள் 120 கேள்வித்தாளில் யாரும் எந்தக் குறையையும் கண்டுபிடிக்க முடியாது. திரும்பிப் போய்ப் பார்க்க அதில் இடமே கிடையாது.

2020 மே மாதம் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, தஞ்சாவூர் நெட்டி வேலையோடு சேர்த்து. செய்தி வந்த அன்று நண்பனுக்குப் போன் பண்ணினேன். சந்தோஷமாகப் பேசினான். ‘இதனால மாமாவுக்கு என்னடா மாறும்?’ என்று கேட்டேன். ‘மாறிச்சுன்னு எப்படிடா சொல்றது? முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு எங்க எழுதி வெச்சிருக்கு?’ என்றான்.

எழுதியிருக்கக்கூடியவன் அவன்தான். மரம் எங்கிருந்து வருகிறது, என்ன விலை, எத்தனை மாதம் காயவேண்டும், ஒரே மரத்துண்டில் செதுக்கும்போது எவ்வளவு சிராய்த்தூளாகப் போகிறது. கோயில் ஆர்டருக்கு அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எப்போது வரும், இடையில் வட்டிக்கு யாரிடம் வாங்குவார்கள். கூலிக்குச் செதுக்குபவருக்கு நாளுக்கு என்ன, தேய்த்து மெருகு போடுபவருக்கு என்ன. கடையில் விற்கும் விலையில் பட்டறைக்கு வருவது எத்தனை பங்கு. இது முழுக்க பிசினஸ் ஆராய்ச்சிதான். இருபது பட்டறை ஏறி இறங்கினால் போதும், அதுவும் மாமாவின் சைக்கிளிலேயே முடிந்துவிடும். ஆனால் ‘சாம்பிள் இருபதுதானா, என்ன டெஸ்ட் போடுவே’ என்று கைடு கேட்டிருப்பார். அந்தப் பயத்தில் அந்தத் தலைப்பு எங்கள் யார் வாயிலும் வரவே இல்லை.

எக்ஸ்டெர்னல் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அவர் கேட்கும் கேள்வியை ஒன்று மாற்றினால் போதும் என்று தோன்றுகிறது. ‘பத்து வருஷம் கழிச்சு இன்னொருத்தர் இந்தப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு அதே இடத்துக்குப் போனா, எதை ஒப்பிட்டுப் பாப்பார்?’ ஹாஸ்டலில் டிக் அடித்தவர்கள் இந்தக் கேள்விக்கு முன்னால் அரை நிமிடம் தாங்கமாட்டோம்.

போன பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பரணில் இருந்து புத்தகத்தை இறக்கினான். பட்டறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த மாமா, அட்டையின் தங்க எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். ‘நம்மள பத்தி எதாச்சும் போட்டிருக்கியாடா மாப்ள?’ என்றார். அவன் முதல் பக்கங்களைப் புரட்டிக் காட்டினான். நன்றியுரையில் கடைசி வரி, பைண்டிங்குக்குப் பணம் கொடுத்த மாமாவுக்கு.