ஒரு பாடபேதமும் டீப் பர்ப்பிள் குழுவின் காலப்பகுப்பும்

டீப் பர்ப்பிள் குழுவின் வரலாற்றை ஆள்மாற்றத்தை வைத்து 'மார்க் 1', 'மார்க் 2' என்று எண்ணிடும் வழக்கம் ரசிகர்களிடமும் இசைத்தட்டு நிறுவனங்களிடமும் வேரூன்றிவிட்டது. 1979-இல் வந்த ஒரு தொகுப்புத் தட்டின் தலைப்பிலேயே 'மார்க் 2' ஏறிவிட்டது. இந்தப் பகுப்புக்குக் கண்ணில் நிற்கும் வடிவம் கொடுத்தவர் என்று நான் கருதுவது பீட் ஃப்ரேமை. 1969-இல் 'ஸிக்ஸாக்' இதழைத் தொடங்கிய அவர், ராக் குழுக்களின் கொடிவழிகளைப் பொடிக் கையெழுத்தில் வரைந்து 'ராக் ஃபேமிலி ட்ரீஸ்' என நூலாக்கினார். அந்த வரைபடங்களை ஒட்டி 1995-இல் பிபிசி ஒளிபரப்பிய தொடரில் டீப் பர்ப்பிளுக்கும் ஒரு பகுதி கிடைத்தது. பின்னால் எழுதியவர்கள் பெரும்பாலும் அவர் கட்டங்களுக்குள் நின்றே பேசுகிறார்கள். இக்கட்டுரை அந்தக் கட்டங்களோடு மாறுபடுகிறது.

ஃப்ரேமின் உழைப்பைக் குறைத்துப் பேச இடமில்லை. எபிசோட் சிக்ஸிலிருந்து இயான் கில்லனும் ராஜர் குளோவரும் வந்ததும், டிரபீஸிலிருந்து கிளென் ஹியூஸ் வந்ததும், ரிச்சி பிளாக்மோர் ரெயின்போவுக்குப் போனதும் கொடிவழியில் ஒரே பார்வையில் விளங்கிவிடும். டேவிட் கவர்டேல் 1978-இல் தொடங்கிய வைட்ஸ்நேக்கில் அடுத்த ஆண்டுக்குள் ஜான் லார்டும் இயான் பெய்ஸும் சேர்ந்து, பழைய பர்ப்பிள்காரர் மூவரானார்கள். இதை உரைநடையில் சொன்னால் வாசகர் தடுமாறுவார். படத்தில் தடுமாற்றமே இல்லை. ஆனால் தெளிவுக்காக அந்த வடிவம் இரண்டு எடுகோள்களைக் கேள்வியின்றி ஏற்கிறது: ஒவ்வொரு கட்டமும் ஒரு குறிப்பிட்ட நாளில் மூடி அடுத்தது திறக்கிறது, கட்டத்துக்குள் இருக்கும் ஐவரும் சமமானவர்கள்.

முதல் எடுகோள் 1969-இலேயே ஆட்டம் காண்கிறது. அவ்வாண்டு ஜூன் 7 அன்று லண்டனின் டி லேன் லீ ஒலிப்பதிவுக் கூடத்தில் 'ஹல்லேலூயா' பாடலைக் கில்லன் பாடிப் பதிவாயிற்று. அப்போதும் மேடையில் பாடியவர் ராட் எவன்ஸ். பேஸ் கிதார் வாசித்தவர் நிக் சிம்பர். ஜூலை 4 அன்று கார்டிஃபில்தான் அவ்விருவரின் கடைசி நிகழ்ச்சி. புதிய ஐவர் லண்டன் ஸ்பீக்கீஸியில் மேடையேறியது ஜூலை 10. ஏறக்குறைய ஒரு மாதம் இரண்டு கட்டங்களும் ஒரே சமயத்தில் உயிரோடிருந்தன. 'மார்க் 2' பிறந்த நாள் எது? பதிவை வைத்தால் ஜூன், மேடையை வைத்தால் ஜூலை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து பிரச்சினையை மூடிவிட எனக்கு விருப்பமில்லை. அதே மயக்கம் முடிவிலும் உண்டு: 1972 முடியும் தறுவாயில் விலகல் கடிதம் கொடுத்துவிட்ட கில்லன், 1973 ஜூன் 29 அன்று ஒசாகா மேடை வரை பாடிக்கொண்டுதான் இருந்தார். பிளாக்மோரோ 1975 பிப்ரவரி, மார்ச்சில் மியூனிக்கில் ரெயின்போவின் முதல் தட்டைப் பதிவு செய்துவிட்டு, ஏப்ரல் 7 அன்று பாரிஸில் பர்ப்பிளோடு கடைசியாக வாசித்தார். இவற்றையெல்லாம் ஓரக் குறிப்பில் தர ஃப்ரேமின் முறையில் இடமுண்டு என்று அவர் தரப்பில் வாதிடலாம். இருக்கலாம், ஆனால் வாசகர் நினைவில் தங்குவது குறிப்பன்று, கட்டம்.

இரண்டாம் எடுகோள்தான் முதன்மையானது. அதைச் சோதிக்கப் பாடலின் கீழே அச்சாகும் ஆக்கியோர் பெயர்வரியே நல்ல சான்று. தொடக்கத் தட்டுகளில் பெயர்கள் பாடலுக்குப் பாடல் மாறும். 'சேஸிங் ஷேடோஸ்' லார்டும் பெய்ஸும் மட்டும் ஆக்கியது. 1970-இன் 'இன் ராக்' முதல் 1973-இன் 'ஹூ டு வீ திங்க் வீ ஆர்' வரை நான்கு ஸ்டுடியோ தட்டுகளிலும் எல்லாப் பாடல்களுக்கும் ஐவர் பெயர். எந்த மெட்டை யார் கொண்டுவந்தார் என்பதற்கு இது சாட்சியன்று. பங்கு சமம் என்ற உடன்பாட்டுக்கே சாட்சி.

இனி 'பர்ன்'. 1974 பிப்ரவரியில் வந்த மூலத் தட்டில், 'பர்ன்' முதலிய குழுப் பாடல்களின் பெயர்வரியில் பிளாக்மோர், லார்ட், பெய்ஸ், கவர்டேல் என நால்வரே உள்ளனர். பேஸ் வாசித்து, கவர்டேலோடு மாறி மாறிப் பாடிய ஹியூஸ் இல்லை. முப்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டி 2004-இல் வந்த பதிப்பில் அவர் பெயர் சேர்ந்துகொள்கிறது. ஒரே பாடல், ஒரே ஒலி, இரண்டு பெயர்வரி. விடுபட்டதற்குச் சொல்லப்படும் காரணம், அவருக்கு அப்போது நிலுவையிலிருந்த பழைய ஒப்பந்தக் கடமைகள்.

'அது வெறும் ஒப்பந்தச் சிக்கல், குழுவின் உள்வாழ்வைப் பற்றி எதுவும் சொல்லாது' என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. நான் தள்ளமாட்டேன். இசைக்கலைஞரின் தொழில்வாழ்வில் ஒப்பந்தம் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பொருளன்று. ராயல்டி போகும் பாதையை வகுப்பதே அதுதான். கொடிவழியின் கோடு டிரபீஸிலிருந்து பர்ப்பிளுக்கு வந்து ஹியூஸை ஐந்தாமவராக உட்காரவைக்கிறது. 1974-இன் பெயர்வரி அவர் இன்னும் முழுதாக வந்துசேரவில்லை என்கிறது. இரண்டில் அக்காலத்து ஆவணம் பின்னதே. 2004-இன் வரியைப் பின்னோக்கி நகர்த்தி 1974-இன் நிலையாகக் காட்டக் கூடாது. அதைப் பொய்யென்றும் ஒதுக்கக் கூடாது. ஹியூஸ் எவ்வளவு ஆக்கினார் என்பதை இரண்டு வரிகளில் எதுவும் தீர்த்துவைப்பதில்லை. பாடிய குரலும் ஆக்கத்துக்குச் சான்றாகாது.

வேறொன்றும் கவனிக்கத்தக்கது. அதே தட்டில் 'மிஸ்ட்ரீட்டட்', 'செயில் அவே' இரண்டும் பிளாக்மோர், கவர்டேல் பெயரில் மட்டும் உள்ளன. அவ்வாண்டு நவம்பரில் வந்த 'ஸ்டார்ம்பிரிங்கர்' தட்டில் பிளவு முற்றுகிறது: தலைப்புப் பாடல் பிளாக்மோர், கவர்டேல் இருவருடையது, 'ஹோலி மேன்' கவர்டேல், ஹியூஸ், லார்ட் மூவருடையது. ஆக, சமபங்கு உடைந்து பாடலுக்குப் பாடல் தனிப்பங்கு ஆனது 'மார்க் 3' என்ற ஒரே கட்டத்துக்குள் கண்முன்னே நடக்கிறது. கட்டத்துக்கு அது தெரிவதில்லை.

1984-இன் மறுகூடல் என் வாதத்துக்கு இன்னும் வலுவூட்டுகிறது. பிளாக்மோர், கில்லன், குளோவர், லார்ட், பெய்ஸ் மீண்டும் சேர்ந்ததால் எண்ணும் மீண்டும் 'மார்க் 2' ஆயிற்று. ஆனால் 'பர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' தட்டின் எட்டுப் பாடல்களில் ஏழு, பிளாக்மோர், கில்லன், குளோவர் மூவர் பெயரில் உள்ளன. லார்டும் பெய்ஸும் இடம்பெறுவது 'நோபடிஸ் ஹோம்' ஒன்றில் மட்டுமே. 1973-இல் சமபங்காளிகளாயிருந்த இருவர் 1984-இல் ஏறக்குறைய வாசிப்பவர்கள் மட்டுமே. இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? குளோவர் 1979-இலேயே ரெயின்போவில் சேர்ந்து பிளாக்மோரோடு பாடலாக்கிப் பழகியவர். அந்தப் பழக்கமே பர்ப்பிளுக்குள் நுழைந்தது என்பது என் ஊகம். இதற்கு நேர்ச்சான்று இல்லையென்றாலும், பின்வந்தவை இதனோடு பொருந்துகின்றன. 1987-இல் சில பாடல்களில் லார்டின் பெயர் சேர்கிறது. 1989-இல் கில்லன் நீக்கப்பட்டு, ரெயின்போவில் பாடியிருந்த ஜோ லின் டர்னர் வந்தபின், 1990-இன் தட்டில் பெரும்பாலும் பிளாக்மோர், குளோவர், டர்னர் என்றே மூவர் வரிசை தொடர்கிறது. பாடகர் மாறினார், எண் 'மார்க் 5' ஆயிற்று, பெயர்வரியின் அமைப்போ அப்படியே நின்றது.

அது மாறியது பிளாக்மோர் போன பிறகுதான். 1993 நவம்பர் 17 அன்று ஹெல்சிங்கியில் அவர் கடைசியாக வாசித்தார். ஜப்பான் பயணத்தை ஜோ சாட்ரியானி முடித்துக்கொடுத்தார். 1994-இல் ஸ்டீவ் மோர்ஸ் வந்தார். 1996-இன் 'பர்பெண்டிகுலர்' தட்டில் மீண்டும் ஐவர் பெயர். கொடிவழியில் மோர்ஸின் வருகை இன்னொரு கட்டம். பெயர்வரியில் அது 1970-இன் உடன்பாட்டுக்குத் திரும்பிய நிகழ்வு.

1968 முதல் எல்லா அமைப்புகளிலும் இருந்த ஒரே ஆள் பெய்ஸ். ஃப்ரேம் வழியில் வரைந்தால் அவர் மேலிருந்து கீழே இறங்கும் நேர்கோடு, சம்பவமே இல்லாத வாழ்க்கை. பெயர்வரிகளில் அவர் 1970-இல் சமபங்கு பெறுகிறார், 1984-இல் ஒரு பாடலுக்குச் சுருங்குகிறார், 1996-இல் மீண்டு வருகிறார். நான்கைந்து குழு மாறிய பிளாக்மோர், கவர்டேல் போன்றோருக்கே வரலாறு எழுதிப் பழகிய நமக்கு ட்ரம்ஸ்காரரின் இந்த ஏற்ற இறக்கம் கண்ணில் படாமல் போனதற்கு எண்முறையும் ஒரு காரணம்.

2016-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் ஏற்ற எண்மரும் இந்தக் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. முதல் அமைப்பிலிருந்து எவன்ஸ் உண்டு, அவரோடு அதே நாளில் மேடையிறங்கிய சிம்பர் இல்லை. 1975-இல் பிளாக்மோர் இடத்துக்கு வந்து, குழு கலைந்த 1976-இலேயே இறந்த டாமி போலினும் இல்லை.

எண்களை ஒழிக்கச் சொல்லவில்லை. பேச்சுக்கு அவை வசதி. ஆனால் 1984-ஐ 'மீண்டும் மார்க் 2' என்பது பிழை என்பதே என் முடிபு. இனி இசைத்தட்டு அட்டவணை தொகுப்போர் 'பர்ன்' பாடல்களுக்கு 2004-இன் பெயர்வரியை மட்டும் எடுத்தாளாமல், 1974-இன் வரியையும் ஆண்டு குறித்துப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.