155 பேரும் ஒரு சுண்ணக்கட்டிப் படகும்

எம்மவர் வீடுகள் பெரும்பாலானவற்றில், பிரயாணப் பெட்டியின் அடியிலோ அலமாரியின் மேற்றட்டிலோ, ஒரு பிளாஸ்ரிக் பை இருக்கும். பிறப்பத்தாட்சிப் பத்திரம், கிழிந்த அடையாள அட்டை, 2002ஆம் ஆண்டு வரை வழங்கப்பட்ட ஐ.எம்.எம். 1000 என்னும் 'லாண்டட் பேப்பர்' ஆகியன அதனுள் உறங்கும். பிள்ளைகள் அவற்றைத் தொடுவதற்கு அனுமதியில்லை. பிக்கரிங்கில் சனிக்கிழமைதோறும் தமிழ் படிப்பித்து வரும் நாம், அந்தப் பையே எமது பிள்ளைகளுக்கான முதலாவது வரலாற்றுப் புத்தகம் என்று கருதுகின்றோம்.

எனினும் வீட்டுப் பத்திரங்களில் தொடங்காது, ஊரறிந்த ஒரு சம்பவத்திலேயே தொடங்கினோம். 1986 ஆவணி 11ஆந் திகதி நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை, கஸ் டால்ரன் என்னும் மீனவர் மூடுபனியிடையே கண்டார். ஏனைய படகுகளையும் அழைத்துக் காப்பாற்றினார். அக்காலப் பத்திரிகைச் செய்திகளைப் பொது நூலகத்தில் தேடிப் பிரதியெடுத்து, வகுப்பில் பங்கிட்டோம். தரையிற் சுண்ணக்கட்டியால் ஒரு படகை வரைந்து, அதற்குள் பிள்ளைகள் அனைவரையும் நெருக்கி உட்கார வைத்தோம். ஐந்து நிமிடத்தில் முழங்கை இடித்தது என்று சண்டை மூண்டது. அதன் பின்னரே எழுதச் சொன்னோம்: ஒரு குழு மீனவரின் நாட்குறிப்பு, மறு குழு படகிலிருந்து ஊருக்கு ஒரு கடிதம். இலக்கணப் பிழைகள் மலிந்திருந்தன. திருத்த மனம் வரவில்லை. (பின்னர் திருத்தினோம், பழக்கம் விடாதல்லவா.)

சிக்கல் இரண்டாம் வாரத்தில் எழுந்தது. தாம் இந்தியாவிலிருந்து வந்ததாகவே அவர்கள் முதலில் கூறினர். சில நாட்களின் பின், அவர்கள் மேற்கு ஜேர்மனியின் பிறாக்கே துறைமுகத்திலிருந்து 'ஔரிகே' என்னும் கப்பலில் ஏறியவர்கள் என்பது வெளிவந்தது. இரு செய்திகளையும் அருகருகே வைத்து வாசித்த சிறுமி ஒருத்தி, "அப்ப அவை பொய் சொன்னவையா, சேர்?" என்று கேட்டாள்.

நாம் உடனே விடை கூறவில்லை. ஏன் அவ்வாறு கூறியிருப்பர் என்று பிள்ளைகளையே எழுதச் சொன்னோம். திருப்பி அனுப்புவார்கள் என்ற பயம், ஏற்றிவிட்டவருக்குக் கொடுத்த வாக்கு எனப் பல காரணங்கள் வந்தன. உண்மை வெளிவந்த பின்னரும் அன்றைய பிரதமர் மல்றோனி அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை என்பதையும் சேர்த்து வாசித்தோம். 1914இல் வன்கூவரில் 376 பயணிகளுடன் வந்த 'கோமகாட்டா மாரு' கப்பலில் மிகப் பெரும்பாலானோர் இறங்க விடப்படாது திருப்பப்பட்டதையும், 1939இல் 'சென் லூயிஸ்' கப்பலின் யூத அகதிகளுக்கு இந்நாடு கதவடைத்ததையும் அதனருகே வைத்தோம். பயந்தவர்களுக்குக் காரணமிருந்தது.

அதற்கடுத்த வாரம், அச்சிறுமி தன் தகப்பனாரின் 'லாண்டட் பேப்பர்' பிரதியைக் கொண்டுவந்தாள். அதிலிருந்த பிறந்த திகதி, வீட்டில் கொண்டாடும் திகதி அன்று. தகப்பனார் பிள்ளையை அழைத்துச் செல்ல வந்தபோது, உள்ளே வந்து சொல்லும்படி கேட்டோம். தயங்கினார். பின்னர், 1995 ஐப்பசியில் வலிகாமத்தைவிட்டு வெளியேறிய இரவில் பத்திரங்கள் எவ்வாறு தொலைந்தன, நினைவிலிருந்து நிரப்பிய படிவத்தில் அத்திகதி எவ்வாறு நுழைந்தது என்பவற்றை நின்றபடியே விபரித்தார். அதே இடப்பெயர்வில் நாமும் எமது வகுப்பு இடாப்பை மேசை இலாச்சிக்குள் விட்டுவந்தோம். நாற்பது பெயர்களில் இன்று பாதிகூட நினைவில்லை.

1981இல் யாழ் நூலகத்தோடு சுமார் 97,000 நூல்களை இழந்த சமூகம் நாம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய ஆவணகம் பழைய ஏடுகள் பலவற்றை மீட்டுத் தந்துள்ளது. வீட்டுப் பைகளிலுள்ளவற்றை வீட்டாரே காக்கவேண்டும்.

அடுத்த தவணையில் பழைய கடிதங்களை எடுக்கவிருக்கின்றோம். பெற்றோர் மூலப் பத்திரத்தை அனுப்பவேண்டாம், பிரதி போதும். அதிலும் இலக்கங்களைக் கறுப்பு மையால் மறைத்து அனுப்புங்கள். சொல்ல விரும்பாத கடிதம் பையிலேயே இருக்கட்டும்.