1596, செவ்வாய், பிற்பகல்: ஒரு மாதிரித்துணியின் வாசகம்

ஆங்கிலேயப் பூத்தையலின் வரலாற்றை இன்று யார் எழுதினாலும் ரோசிகா பார்க்கரைக் கடந்துதான் போகவேண்டும். 1984-இல் வெளிவந்த அவருடைய ‘தி சப்வெர்சிவ் ஸ்டிட்ச்’, பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்ட ஊசிவேலையைக் கலை வரலாற்றின் நடுவே கொண்டுவந்து வைத்தது. நான் அந்த நூலை மதிக்கிறேன். அதில் மாதிரித்துணி பற்றி வரும் பகுதியோடுதான் எனக்கு வழக்கு. அதன் வாதம் சுருக்கமாக இது: முதலில் தையல் வகைகளையும் பூவடிவங்களையும் குறித்துவைக்கும் துணியாக இருந்த மாதிரித்துணி, 17-ஆம் நூற்றாண்டில் சிறுமிகளுக்கு அடக்கமும் பொறுமையும் பழக்கும் கருவியாக மாறிவிட்டது, தையல் கற்பிப்பது என்றால் பெண்மையைக் கற்பிப்பது என்றாகிவிட்டது.

பின்பாதிக்குச் சான்று நிறைய உண்டு. பெயர், வயது, அரிச்சுவடி, நீதிப்பா, சுற்றிலும் கரை என்று 18-ஆம் நூற்றாண்டுப் பள்ளிச் சிறுமிகள் தைத்த துணிகளைப் பார்த்தவர் அதை மறுக்கமாட்டார். ஆனால் அந்தக் காலத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னோக்கிப் பார்க்கும்போது, ஒரு துணியில் பெயரும் எழுத்துவரிசையும் இருந்தாலே அது அடக்கம் பயிற்றிய பாடம் என்று எண்ணத் தோன்றுகிறது. அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்காத ஒரு துணி இருக்கிறது.

லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1960-இல் பெற்ற லினன் துணி அது. ஏறக்குறைய 43 சென்டிமீட்டர் நீளம், 36 அகலம். ஆண்டு குறிக்கப்பட்ட பிரிட்டிஷ் மாதிரித்துணிகளுள் இன்று அறியப்பட்டவற்றில் இதுவே பழையது. பட்டு நூல், உலோக நூல், முத்து, மணி. கெட்டித்தையல், சங்கிலித்தையல், சாட்டின், காஜா, முடிச்சு என்று தையல் வகைகள் பத்துக்கும் மேல். இதன் வாசகம் ஜேன் பாஸ்டாக் என்ற பெயரையும் 1598 என்ற ஆண்டையும் தருகிறது. தொடர்ந்து, ஆலிஸ் லீ 1596 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பிறந்தாள் என்கிறது.

கல்வெட்டு படிப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாளும் கிழமையும் சேர்ந்து வந்தால் உடனே சாமிக்கண்ணுப் பிள்ளையின் நாள்-கிழமை அட்டவணை நூலான எபிமெரிஸ் பக்கம் கை போகும். இரண்டும் பொருந்தினால்தான் அடுத்த வரிக்கு நகர்வார்கள். அதே சோதனையை இங்கும் செய்து பார்த்தேன். இன்றைய கிரெகோரியன் நாட்காட்டியைப் பின்னோக்கி நீட்டினால் அந்த நவம்பர் 23 சனிக்கிழமையில் விழுகிறது. ஆனால் இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியிலேயே இருந்தது. அதன்படி கணக்கிட்டால் செவ்வாய் கச்சிதமாக வருகிறது.

இந்தப் பொருத்தத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. பிற்காலத்தவர் யாரோ கற்பனையாகச் சேர்த்த வரி என்ற ஐயம் இதனால் பெரும்பாலும் நீங்குகிறது. அதைவிட முக்கியம், ‘பிற்பகல்’ என்ற சொல். பாடமாகத் தைக்கும் சிறுமிக்கு இன்னொரு குழந்தை பிறந்த வேளை எதற்கு? குடும்ப வேதப் புத்தகத்தின் முன் ஏட்டில் எழுதிவைக்கும் செய்தி இது. பிரசவ அறைக்குப் பக்கத்தில் இருந்த ஒருத்தியின் நினைவு, அல்லது அப்படிப்பட்டவள் சொல்லக் கேட்ட நினைவு, நூலில் ஏறியிருக்கிறது.

ஆலிஸுக்கு அப்போது என்ன வயது? பழைய ஆங்கிலேய வழக்கில் ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கும். நவம்பர் தேதியை அது பாதிக்காது. ஆனால் மாதம் சொல்லாமல் நிற்கும் 1598, அந்த வழக்கின்படி 1599 மார்ச் 24 வரை நீளும். ஆகவே துணி முடிந்தபோது குழந்தைக்கு ஒன்றேகால் வயதுக்கு மேல், இரண்டரைக்குள். ஊசி பிடிக்கிற வயது அல்ல. இதிலிருந்து நான் அடையும் முடிவு: இந்தத் துணி மாணவி செய்து காட்டிய பயிற்சி அல்ல, தேர்ந்த கை ஒன்று, வளரப்போகும் ஒரு பெண்ணுக்காக எடுத்துவைத்த வடிவச் சேமிப்பு. கற்பித்தல் இதில் இருக்கிறது. ஆனால் இது திணித்து வாங்கும் கற்பித்தல் அல்ல, விட்டுச்செல்லும் கற்பித்தல். பெயரும் ஆண்டும் எழுத்துக்களும் இதில் ஏற்கெனவே இருக்கின்றன என்பதால், அவற்றை மட்டும் கொண்டு எந்தத் துணியையும் அடக்கத்தின் அடையாளம் என்று சொல்லிவிட முடியாது.

ஜேன் தானே சிறுமியாக இருந்திருக்கலாமே, பெரியவர் எழுதிக் கொடுத்ததைத் தைத்திருக்கலாமே என்று கேட்கலாம். ஜேனுடைய வயதை வாசகம் சொல்லவில்லை. ஆகவே இங்கே என் வாதம் கைத்திறனை மட்டுமே நம்பி நிற்கிறது. துணியின் மேற்பகுதியில் நாயும் மானும் சங்கிலியிட்ட கரடியும் இருக்கின்றன. அவற்றோடு யானைமேல் கோட்டை ஒன்றும் தைக்கப்பட்டு, பிறகு பிரிக்கப்பட்டிருக்கிறது. தடம் மட்டும் மிச்சம். நெருக்கமாகத் தைத்ததை லினன் கிழியாமல் பிரிப்பது தைப்பதைவிடப் பொறுமை கேட்கும் வேலை. பிரித்தவள் ஜேன்தான் என்றால், வடிவத்தை எடைபோட்டு வேண்டாம் என்று முடிவுசெய்த ஒரு வடிவமைப்பாளரை இங்கே காண்கிறோம். பிற்காலக் கை என்றால் இந்தச் சான்று வலுவிழக்கும். அப்போதும் முத்தும் உலோக நூலும், முதன்முதலாக ஊசி பழகுகிறவளிடம் கொடுத்துவிடும் பொருள்கள் அல்ல என்பது நிற்கிறது.

மாதிரித்துணி பெரியவர்களின் கருவியாக இருந்ததற்கு இதற்கு முன்பே ஒரு தடயம் உண்டு. 1502 ஜூலையில் ஏழாம் ஹென்றியின் அரசி, யார்க் எலிசபெத்தின் செலவுக் கணக்கில், அரசியின் மாதிரித்துணிக்கென ஒரு எல் அளவு லினன் எட்டுப் பென்னிக்கு வாங்கியது பதிவாகியிருக்கிறது. அரசிக்கு வயது 36. அச்சிட்ட வடிவ நூல்கள் ஜெர்மனியில் 1520-களில்தான் வரத் தொடங்கின. அதுவரை, அதற்குப் பிறகும் வெகுகாலம், பார்த்த வடிவத்தைத் தன் துணியில் ஏற்றிக்கொள்பவளே வடிவத்தின் உடைமைக்காரி. அடுத்தவளுக்குக் காட்டிக் கொடுப்பவளும் அவளே. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினிலிருந்து கட்டம் போட்ட தாளில் வண்ண வடிவங்கள் வந்து குவிந்தபோதுதான் இந்த இணைப்பு அறுந்தது. எண்ணித் தைத்தால் போதும். வரைபவர் வேறெங்கோ இருந்தார். பார்க்கர் தேடும் பெரிய முறிவு எனக்கு இங்கேதான் தெரிகிறது.

பார்க்கர் மிகவும் வலுவாக நிற்கும் 19-ஆம் நூற்றாண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. சஸெக்ஸ், ஆஷ்பர்ன்ஹாமில் 1813-இல் பிறந்த எலிசபெத் பார்க்கர் (நூலாசிரியருக்கு உறவல்லர்) வீட்டுவேலைக்குப் போன இடத்தில் பட்ட கொடுமையையும், சாக நினைத்ததையும் சிவப்புப் பட்டு நூலால், நுண்ணிய கிராஸ் ஸ்டிச் எழுத்தில் தைத்தார். கரை இல்லை, பூ இல்லை. தமக்கு எழுதத் தெரியாது என்றே தொடங்கி, ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றுவிடுகிறார். பின்னாளில் அவர் பள்ளி ஆசிரியையானார். ஏழைப் பெண்களுக்குச் சிவப்பு நூலில் எழுத்துத் தைக்கக் கற்றுக்கொடுத்தது எதற்காக? எசமானர் வீட்டுப் படுக்கை விரிப்பிலும் துவாலையிலும் அடையாள எழுத்தும் எண்ணும் போடுவதற்காக. அந்த வகுப்பறை ஆக்கியது பெண்மையை மட்டுமல்ல, வேலைக்காரியையும்தான். பார்க்கர் வர்க்கத்தை மறந்தவர் அல்லர். ஆனாலும் மாதிரித்துணி என்று வரும்போது பெண்மையின் நிழல் மற்றவற்றை மறைத்துவிடுகிறது.

இனி 1598-க்குத் திரும்புகிறேன். அது துணியைத் தொடங்கிய ஆண்டா, முடித்த ஆண்டா? ஆலிஸ் பிறக்கும் முன்பே ஜேன் தனக்கென்று சேர்த்து வந்த வடிவங்களோடு, வாசகம் மட்டும் பின்னால் ஏறியிருக்கவும் கூடும். அப்படியானால் பரிசு என்ற என் வாசிப்பு பிழைக்கும், ஆனால் ‘ஆலிஸுக்காகவே தைத்தது’ என்பதைத் திருத்தவேண்டி வரும். வாசகம் பின்னால் ஏறியது என்பதே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. தையல் டீச்சர்கள் துணியை வாங்கியதும் முதலில் திருப்பித்தான் பார்ப்பார்கள்: நூல் எங்கே தொடங்கியது, எதன்மேல் எது ஏறியது என்பதை முன்பக்கம் மறைக்கும், பின்பக்கம் மறைக்காது. நான் பார்த்த படங்கள் எல்லாம் முன்பக்கத்தவை.